தாய்க்கும் ஒரு கட்டில்

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் கண்டு திரும்புவன பல. அரண்மனை, கோட்டை, பாலம், பேராலயம் என அவற்றைப்பற்றி எழுதியோரும் பலர். நாம் இங்கு எழுதப் புகுவது அவற்றுள் எதனைப் பற்றியுமன்று. பத்து நிமிடங்களில் நடந்து கடந்துவிடக்கூடிய ஒரு சிறு வட்டாரத்தைப் பற்றியே எழுதுகிறோம். அங்கு நாம் கழித்தது ஒரே ஒரு பகற்பொழுது. எனினும் ஆறு வாரப் பயணத்தில் வேறெங்கும் கண்டவற்றைவிட அன்று கண்டதே இன்றும் நம் மனத்தை விட்டு அகலாதிருக்கிறது. அதற்கு ஒரு காரணமுண்டு. அதனை உரிய இடத்தில் சொல்லுவோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில், விடுமுறைக்குச் சென்றிருந்த ஒரு பங்குத் தந்தைக்குப் பதிலாக அவருடைய பங்கைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு நாம் இலண்டன் சென்றிருந்தோம். நம் நாட்டுக் குருக்கள் பலர் இவ்வாறு ஆண்டுதோறும் சென்று வருவது வாசகர்கள் அறிந்ததே. ஒரு நாள் மாலை, நாம் முன்பு பணியாற்றிய பங்கின் உபதேசியாருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் அந்நகரில் செவிலியராகப் பணிபுரிபவள். "சாமி, இங்கே நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் நான்கு வயதுப் பையனுக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது. தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறார். பிள்ளையையும் ஆசீர்வதித்துவிட்டு வரலாம். வருகிறீர்களா?" என்று கேட்டாள். மறுநாள் காலையிலேயே புறப்பட்டோம்.

ரஸ்ஸல் சதுக்கம் என்னும் நிலத்தடி இரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், சற்றுத் தொலைவில் பிரன்ஸ்விக் சதுக்கம் என்றொரு தோட்டம் இருக்கிறது. அதன் அருகே இரும்பு வேலியின் கம்பி முனை ஒன்றில் குழந்தையின் கையுறை ஒன்று செருகப்பட்டிருக்கக் கண்டோம். தாயின் இடுப்பிலிருந்த குழந்தை நழுவவிட்டுப் போனதை வழிப்போக்கர் யாரோ எடுத்து மாட்டிவைத்திருக்கிறார் போலும் என்றெண்ணித் தொட்டுப் பார்த்தோம். அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. டிரேசி எமின் என்ற கலைஞர் செய்து வைத்தது என்று உடன் வந்த பெண் சொன்னாள். அங்கே அதனை ஏன் வைத்தார்கள் என்பது அடுத்த கட்டடத்தினுள் நுழைந்தபோதுதான் விளங்கியது.

அக்கட்டடம் கைவிடப்பட்ட குழந்தைகளின் காட்சியகம். தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், இலண்டன் தெருக்களில் பச்சிளங் குழந்தைகள் எறியப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் பொறாமல், பல ஆண்டுகள் அலைந்து திரிந்து 1739-ஆம் ஆண்டில் அரசரின் பட்டயம் பெற்று ஓர் இல்லத்தை நிறுவினார். 1741-இல் அது குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. இடம் போதாமையால் மறு ஆண்டே சீட்டுப் போடுவது போன்றதொரு முறை வந்தது. குழந்தையோடு வரும் தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுக்கவேண்டும். வெள்ளை உருண்டையானால் குழந்தை ஏற்கப்படும். கறுப்பானால் திரும்பிப் போகவேண்டும். சிவப்பானால், ஏற்கப்பட்ட குழந்தைகளுள் ஏதேனுமொன்று நோயின் காரணமாகத் தள்ளப்படுமா எனக் காத்திருக்கவேண்டும்! வெள்ளை உருண்டை எடுத்தவள் மகிழ்ந்தாளா, அழுதாளா என்பதை எந்தப் பதிவேடு சொல்லும்?

பிள்ளையை விட்டுச் செல்லும் தாய், பின்னொரு நாள் வந்து மீட்டுக்கொள்ள நேர்ந்தால் காட்டுவதற்காக ஏதேனுமோர் அடையாளப் பொருளை விட்டுச் செல்வாள். தேய்ந்த நாணயம், பொத்தான், கொட்டை ஓடு, இரண்டாக வெட்டிய துணியின் ஒரு பாதி. கண்ணாடிப் பேழைகளுக்குள் அவை இன்றும் இருக்கின்றன. 1741 முதல் 1760 வரை அவ்வில்லத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. அவர்களுள் தாய் தந்தையரால் மீட்கப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. இல்லத்தில் பிள்ளைகளுக்குப் புதுப்பெயரும் இடுவார்கள். எனவே மீட்கப்படாத பிள்ளைக்குத் தாயின் பெயர் மட்டுமல்ல, அவள் இட்ட பெயரும் தெரியாமலே போயிற்று. பேழைகளின் முன்னே நெடுநேரம் நின்றோம்.

பழைய இல்லம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகருக்கு வெளியே மாற்றப்பட்டுக் கட்டடமும் இடிக்கப்பட்டது. அது இருந்த நிலம் இப்போது பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். 1936-ஆம் ஆண்டு முதல் அது 'கோரம் திடல்' என வழங்கிவருகிறது. அதன் வாயிலில் ஒரு வேடிக்கையான சட்டம். குழந்தையோடு வராத பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லை. ஆலயங்களிலும் அரங்குகளிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்படி பெரியவர்களுக்குச் சொல்லியே பழகிய நமக்கு, கழுத்தில் குருவின் வெள்ளைப் பட்டையோடு வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டது ஒரு புதிய அனுபவமே. உள்ளே ஊஞ்சல்கள் ஆடிக்கொண்டிருந்தன. நாம் வேலி ஓரமாகவே நடந்து தென்புறம் திரும்பினோம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கிரேட் ஆர்மண்ட் தெரு வந்துவிடுகிறது. கத்தோலிக்க வாசகர்களுக்காக ஒரு செய்தியை இடையில் சொல்லிச் செல்கிறோம். கிரிமியப் போர்க்களத்தில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோடு காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த இரக்கத்தின் சகோதரிகள், திரும்பி வந்து 1856-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியது இதே தெருவில்தான். பின்னர் அது நகரின் வேறொரு பகுதிக்கு இடம் பெயர்ந்து இன்றும் நடைபெற்று வருகிறது.

நாம் தேடிச் சென்ற குழந்தை மருத்துவமனை அதற்கும் நான்காண்டுகள் மூத்தது. 1852-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், ஒரு பழைய வீட்டில் பத்துக் கட்டில்களோடு சார்லஸ் வெஸ்ட் என்னும் மருத்துவர் அதனைத் தொடங்கினார். ஏன் தொடங்கினார் என்பதற்கு ஒரு கணக்கே போதும். 1843-இல் இலண்டன் மருத்துவமனைகளில் எடுத்த எண்ணிக்கையின்படி, உள்நோயாளிகள் 2,363 பேரில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வெறும் 26 பேர். நோயுற்ற குழந்தைகள் இல்லாமையாலன்று. அவர்கள் வீட்டிலேயே மாண்டுகொண்டிருந்தனர். சில ஆண்டுகளில் பணமின்றி மருத்துவமனை தள்ளாடியபோது, நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1858-இல் ஒரு விருந்தில் எழுந்து பேசி, அன்றிரவே 3,000 பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். பின்னர் 1929-இல் ஜே. எம். பாரி என்னும் எழுத்தாளர், வளரவே வளராத பீட்டர் பான் என்ற சிறுவனின் கதையை எழுதியவர், அக்கதையின் உரிமை முழுவதையும் இம்மருத்துவமனைக்குத் தானமாக்கினார். காப்புரிமைக் காலம் கடந்த பின்னும் அந்த வருவாய் நிற்காதபடி 1988-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தது. வாயிலருகே அச்சிறுவனின் வெண்கலச் சிலை நின்றது.

உள்ளே கூடங்களுக்கெல்லாம் விலங்குகளின் பெயர், பறவைகளின் பெயர். யானை, சிங்கம், கரடி, ஒட்டகச்சிவிங்கி! நோயின் பெயரால் கூடத்தை அழைத்தால் பெரியவர்களே நடுங்குவர். "நான் கரடிக் கூடத்திலே இருக்கிறேன்" என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொள்வதில் அச்சத்திற்கு இடமேது?

பையன் படுத்திருந்தான். மார்பில் கட்டு, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், கையில் ஒன்று. கட்டிலுக்கு அருகே சுவரோடு சுவராக மடித்து வைக்கும் இன்னொரு படுக்கை இருந்தது. அது தாய்க்குரியது. இரவில் இறக்கிப் படுத்துக்கொள்கிறாள், காலையில் மடித்துவிடுகிறாள். அதனை நாம் வியந்து பார்த்ததைக் கண்ட அத்தாய், "பதினோரு நாளாக இதுதான் சாமி என் வீடு" என்று சிரித்தாள். அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துச் சென்றபோது மயக்கம் கொடுக்கும் அறை வரையில் அவளே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சென்றாளாம். அவன் கண்ணை மூடும் வரையில் அவனுக்கு நன்கு தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாளாம். கண் மூடியபின் வெளியே வந்துதான் அழுதாளாம்.

நாம் இருக்கும்போதே மருத்துவர்கள் வந்தனர். நாம் எழுந்து வெளியே செல்ல முற்பட்டபோது, தாயும் எழுந்து வருவாள் என்று நம் ஊர் வழக்கத்தை எண்ணித் திரும்பிப் பார்த்தோம். அவள் எழவில்லை. தலைமை மருத்துவர் நாற்காலியொன்றை இழுத்துப் போட்டு அவள் எதிரே அமர்ந்து, இரவில் பிள்ளை எப்படி இருந்தான், எத்தனை முறை விழித்தான், உங்களுக்கு ஏதேனும் வேறுபாடு தெரிகிறதா என்று அவளையே முதலில் கேட்டார். அவள் சொன்னதை இளைய மருத்துவர் எழுதிக்கொண்டார். மூக்குக் குழாய் வழியாகப் பால் செலுத்த அவளுக்குச் செவிலியர் பயிற்சி அளித்துவருவதாகவும், அதில் அவள் தேறிவிட்டால் சற்று முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பக்கூடும் என்பதாகவும் பின்னர் அறிந்தோம். மகனுக்குப் பால் புகட்டும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்த அத்தாய், ஊரில் எட்டாம் வகுப்பு வரையே படித்தவள்.

பாட்டியின் மனக்குறை வேறு. "அம்மாவுக்கு மட்டுந்தான் ராத்திரி இடமாம் சாமி. எனக்கு இல்லையாம். நான் பெத்தவளைப் பெத்தவள் இல்லையா?" என்றார். நமக்குச் சிரிப்பு வந்ததாயினும் அவர் கேட்டது நியாயமே. குடும்பம் என்று அந்நாட்டார் சொல்லும்போது தாய், தந்தை, பிள்ளை என்று மூவரை எண்ணுகிறார்கள். நாம் சொல்லும்போது பாட்டியும் தாய்மாமனும் சித்தியும் வந்து நிற்கிறார்கள். எந்தக் கூடத்தில் அத்தனை கட்டில் மடித்து வைக்க முடியும்? ஆனால் பாட்டி விடவில்லை. பகல் முழுவதும் அங்கேயே இருந்து, மாலையில்தான் மருமகனோடு தங்குமிடம் திரும்புவாராம். அன்று ஒரு மூலையில் அமர்ந்து அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டோம். பிறகு பையனின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தோம். கையை எடுத்தபோது நம் விரல் நடுங்கியதை உபதேசியாரின் மகள் கவனித்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தபோது அவள் சொன்ன செய்தி நம்மைத் திகைக்கச் செய்தது. தாய்க்குக் கட்டில் போடும் இதே நாட்டில், நம் பெற்றோர் காலத்தில், தாய்க்கு வாயிலே திறக்கவில்லையாம். பின்னர் தேடிப் படித்தபோது அது உண்மையென்றே கண்டோம். 1949-இல் இலண்டன் மருத்துவமனைகளின் பார்வையாளர் நேரங்களை ஒருவர் தொகுத்திருக்கிறார். ஒரு பெரிய மருத்துவமனையில் ஞாயிறு மட்டும் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. இன்னொன்றில் அனுமதியே இல்லை. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் முழுவதும் பார்க்க முடியாது. ஆனால் மாலை ஏழு முதல் எட்டு வரை, பிள்ளை உறங்கும்போது மட்டும் பெற்றோர் பார்த்துச் செல்லலாம். தாய் வந்தாள் என்பது பிள்ளைக்குத் தெரியாது!

இவர்கள் கொடியவர்கள் அல்லர். நுண்ணுயிர் கொல்லும் மருந்துகள் வருவதற்கு முந்திய காலத்தில், தொண்டை அடைப்பானும் செங்காய்ச்சலும் ஒரு கூடத்துப் பிள்ளைகளையே வாரிக்கொண்டு போகும். வெளியார் வருகையைக் குறைத்தது அதன் பொருட்டே. ஆனால் மருந்துகள் வந்த பின்னும் கதவு திறக்கவில்லை. அதற்கு வேறொரு காரணம் சொன்னார்கள். தாய் வந்து சென்றால் பிள்ளை அழுகிறது. வராதிருந்தால் இரண்டு மூன்று நாளில் அழுகையை நிறுத்தி அமைதியாகிவிடுகிறது. ஆகவே வராதிருப்பதே பிள்ளைக்கு நல்லது. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

இவ்விடத்தில் நம் சொந்தக் கணக்கு ஒன்றைத் தீர்க்கவேண்டியுள்ளது.

1999-ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்று இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஒரு நகரின் மருத்துவமனையில் ஆன்மீகப் பணியும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எட்டாம் மாதம் தொடங்குமுன்னே பிறந்த ஓர் ஆண் குழந்தை அங்கு வெப்பப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்றே மேல். தாய்க்கு இருபது வயதிருக்கும், முதற்பேறு. தாய்மார் உள்ளே வரக்கூடாது என்பது விதி. மாலையில் ஒரு மணி நேரம் திரையை விலக்குவார்கள், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அந்தப் பெண்ணோ, திரை விலகாத நேரத்திலும் அக்கண்ணாடியின் முன்னே நின்றுகொண்டிருந்தாள். பிரசவித்த உடம்பு, உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "சாமி சொன்னால் கேட்பாள்" என்று செவிலியர் நம்மை அழைத்தனர். நாம் சென்று சொன்னோம்: "உள்ளே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் அம்மா. நீ போய்ப் படு. நீ இங்கே நிற்பதால் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது?"

அவள் கீழ்ப்படிந்து போய்ப் படுத்தாள்.

நான்காம் நாள் நள்ளிரவில் நம்மை எழுப்பினார்கள். கையைக் கழுவி, அங்கி அணிந்து, உள்ளே அழைத்துச் செல்லப்பட்டோம். பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டு, பஞ்சில் நனைத்த நீரால் அக்குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் அளித்தோம். அதன் நெற்றி நம் கட்டை விரலளவே இருந்தது. விடியுமுன் இறந்துவிட்டது. காலையில் துணியில் சுற்றி வெளியே கொடுத்தபோதுதான் தாய் முதன்முறையாக அதனைக் கையில் வாங்கினாள். நெடுநேரம் கழித்து நம்மை ஏறிட்டுப் பார்த்து, "சாமி, நீங்க தொட்டப்போ பிள்ளை சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இருந்தது என்று சொன்னோம். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

அம்மருத்துவமனையைக் குறைகூற இதனை எழுதவில்லை. அந்நாளில் நாம் அறிந்த இடங்களிலெல்லாம் அதுவே முறை. அங்கிருந்த மருத்துவர் அக்குழந்தைக்காக உறங்காதிருந்தார் என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் நாம், எவ்வுறவும் இல்லாத நாம், அங்கி அணிந்ததனால் உள்ளே செல்லத் தகுந்தவராயினோம். அதே நீரில் கை கழுவி, அதே அங்கியை அணிந்து, அவளும் சென்றிருக்க முடியும். அதனைக் கேட்கவேண்டிய வாய் நம்முடையது. அது வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் கதவைத் திறக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்காக அன்னா பிராய்டு நடத்திய இல்லத்தில் வேலை செய்தவர். பின்னர் ஜான் பௌல்பி என்னும் மனநல அறிஞரோடு சேர்ந்தவர். மருத்துவமனைக் கூடங்களில் அமர்ந்து குழந்தைகளை நாள் கணக்கில் பார்த்துக்கொண்டேயிருந்தார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுது ஆர்ப்பரிக்கிறது. அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. அதன்பின் தாயே தேவையில்லை என்பதுபோல் எல்லாரிடமும் சிரிக்கத் தொடங்குகிறது. செவிலியர் "பழகிவிட்டது" என்று மகிழ்ந்தது இந்த மூன்றாம் நிலையைக் கண்டே.

சொன்னால் யாரும் நம்பவில்லை. எனவே அவர், படமெடுக்கும் பழக்கமே இல்லாதவர், கையில் ஒரு சிறு கருவியை வாங்கிக்கொண்டு, சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நாள்தோறும் படமெடுத்தார். வேண்டுமென்றே அழுகிற நேரமாய்ப் பார்த்து எடுத்தார் என்று யாரும் சொல்லாதிருக்கச் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்து எடுத்தார். அந்தச் சிறுமி கதறவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, தன் பொம்மைக் கரடியை இறுகப் பற்றிக்கொண்டு, இடையிடையே அம்மாவைக் கேட்கிறாள். 1952-இல் இலண்டனில் மருத்துவர்களும் செவிலியர்களுமாக ஏறத்தாழ முந்நூறு பேர் முன்னிலையில் அப்படம் காட்டப்பட்டபோது சபையில் பெருங் கோபம் எழுந்தது. தம் தொழிலையே இழிவுபடுத்திவிட்டார் என்றனர். அவ்வாறு கோபங்கொண்டவர்களுள் ஒருவரான டெர்மாட் மெக்கார்த்தி என்னும் குழந்தை மருத்துவர், தம் மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று தம் கூடத்துப் பிள்ளைகளைப் பார்த்தபோது அதுவே அங்கும் நடப்பதைக் கண்டார். பின்னர்த் தம் கூடத்தில் தாய்மாருக்கு இடமளித்தார். கோபித்தவர் திரும்பி வந்த இந்த நிகழ்ச்சியே அவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்தது.

1959-இல் சர் ஹாரி பிளாட் என்பவரின் தலைமையில் அரசு அமைத்த குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாயையும் தங்க வைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு. 1961-இல் இலண்டனின் ஒரு பகுதியில் சில இளந்தாய்மார் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று கேட்கத் தொடங்கிய பின்னரே கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முற்றிலும் திறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. அரசின் அறிக்கையைவிடத் தாய்மாரின் விடாப்பிடி வலிது என்பது நம் துணிபு.

வாசகர்களுள் சிலர், "நம் நாட்டில் நோயாளியோடு குடும்பமே மருத்துவமனையில் இருக்கிறதே, இதனை நாம் அவர்களிடமா கற்கவேண்டும்?" எனக் கேட்கலாம். உண்மை. துணைக்கு ஆளில்லாவிட்டால் நம் ஊரில் கட்டிலே கிடைக்காது. கஞ்சி கொண்டுவர, மருந்துச் சீட்டோடு ஓட, இரத்தத்திற்கு ஆள் தேட, தள்ளுவண்டியைத் தள்ள எல்லாவற்றுக்கும் உறவினர் வேண்டும். இரவில் கட்டிலுக்கடியிலும் நடைபாதையிலும் முந்தானையை விரித்துப் படுத்திருப்பவர்கள் அவர்களே. ஆனால் மருத்துவர் வரும் நேரத்தில் மணியடித்து முதலில் வெளியேற்றப்படுபவர்களும் அவர்களே. பிள்ளைக்கு என்ன நோய், நாளை என்ன செய்யப்போகிறார்கள் என்பது வேலை செய்த அந்தத் தாய்க்குச் சொல்லப்படுவதில்லை. அவளுடைய உழைப்பு வேண்டியிருக்கிறது, அவளுடைய சொல் வேண்டியதில்லை. இலண்டனில் நாம் கண்ட புதுமை மடிப்புக் கட்டிலன்று, அம்மருத்துவர் இழுத்துப் போட்ட நாற்காலியே.

வெப்பப் பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1978-இல் தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில், பெட்டிகள் போதாத மருத்துவமனையொன்றில், எட்கர் ரேய் என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பின் மீதே நிமிர்த்தி வைத்துக் கட்டச் செய்தார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றதாகையால் அப்பெயரே நிலைத்தது. வறுமையில் கண்ட வழி என்று செல்வ நாடுகள் முதலில் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நம் இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்து செய்தது. பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட சிறு குழந்தைகளில் நூற்றுக்குப் பன்னிருவர் இறந்தனர் என்றும், வழக்கம்போல் முதலில் பெட்டியில் வைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பதினாறு பேர் இறந்தனர் என்றும் அது காட்டியது. இடம்பெற்ற குழந்தைகள் 3,211 பேர். ஆய்வு நடந்த இடங்களுள் ஒன்று டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. தீவிர சிகிச்சைக் கூடத்திற்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போடுவது அதற்குத் தேவையாயிற்று. நூற்றுக்கு நான்கு என்பது புள்ளிவிவரம் படிப்போருக்குச் சிறிதாகத் தோன்றலாம். "நீ இங்கே நிற்பதால் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டவருக்கு அது விடை.

அன்று பிற்பகல், புறப்படுமுன், மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் சிற்றாலயத்திற்குச் சென்றோம். புனித கிறிஸ்தோபர் பெயரால் 1875-இல் கட்டப்பட்டது. குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என மரபு கூறும் புனிதருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பொன்னிறமும் வண்ணக் கண்ணாடியும் குவிமாடமுமாக, கைப்பெட்டிக்குள் வைத்த அணிகலன் போன்ற ஆலயம். சுற்றியிருந்த பழைய கட்டடத்தை இடிக்க நேர்ந்தபோது இதனை மட்டும் இடிக்க மனமின்றி, அடியில் கற்காரை மேடை அமைத்து, முழுதாக அப்படியே நகர்த்தி வைத்தனராம். 1994-இல் மீண்டும் திறந்தார்கள். அது நம் திருச்சபையினுடையதன்று, ஆங்கிலிக்கன் மரபினர் கட்டியது. ஆயினும் எந்தச் சமயத்தாரும் வந்தமர்கிறார்கள். நாம் சென்றபோது தலையை முக்காடிட்ட ஓர் இஸ்லாமியத் தாய் கண்களை மூடி அமர்ந்திருந்தார். ஒரு விளிம்பில் காதொன்று பிய்ந்த பொம்மைக் கரடி. வேண்டுதல்களை எழுத அங்கிருந்த தாள்களில் ஒன்றை எடுத்து, இருபது ஆண்டுகளுக்குமுன் வட்டத் துளை வழியாக நாம் இட்ட பெயரை எழுதினோம். தாயின் பெயரையும் எழுத விரும்பினோம். அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. எத்தனையோ நாடுகளின் குழந்தை மருத்துவமனைகளில் பெற்றோருள் ஒருவருக்கு மட்டுமே இடம் என்றாயிற்று. அறுபது ஆண்டுகள் போராடித் திறந்த கதவு அச்சத்தால் எத்தனை விரைவில் மூடுகிறது என்பதைக் கண்டோம். அந்தப் பாட்டி தம் ஊரிலிருந்து தொலைபேசியில், "இப்ப பெத்தவளையும் ஆளுக்கொரு நாளுன்னு பிரிக்கிறாங்களாம் சாமி" என்று வருந்தினார். பேரன் அப்போது பள்ளி சேர்ந்திருந்தான்.

நம் நாட்டிலும் காற்று மாறிவருகிறது. பச்சிளங் குழந்தைகளின் பராமரிப்பில் பெற்றோரையும் பங்குகொள்ளச் செய்யுமாறு மத்திய அரசின் நலவாழ்வுத் துறை 2017-இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அது எத்தனை இடங்களில் நடைமுறைக்கு வந்துள்ளதோ, நாம் ஓரிடத்தில் கண்டோம். சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த இளந்தம்பதியருக்கு மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்து, அரசு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஆசீர்வதிக்க வருமாறு அழைத்தனர். தோள்பட்டையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சென்றோம். கதவருகே செவிலியர் தடுத்து நிறுத்தினார்.

"இப்பத்தான் சாமி அம்மா பிள்ளையை நெஞ்சுல போட்டிருக்காங்க. ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கணும். நீங்க வெளியே உட்காருங்க."

உட்கார்ந்தோம். அதே பலகையில் குழந்தையின் தகப்பனும் உட்கார்ந்திருந்தான். தச்சு வேலை செய்பவன். குளித்துத் தலை ஈரம் காயாமல், மருத்துவமனை கொடுத்த முன்திறப்பு அங்கியை அணிந்துகொண்டு, மார்பை இரண்டு கைகளாலும் பொத்தியபடி வெட்கத்தோடு இருந்தான். என்னப்பா இது கோலம் என்றோம்.

"அவளுக்கு அப்புறம் என் முறை சாமி" என்றான்.